டோர்ச் அடித்தவனுக்கு அறை, பாம்பைச் சுழற்றியவனுக்குப் பொன்னாடை



நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் வாசிக்காமல் கொமெண்ட் போடாமலாவது இருங்கள். கோபத்தில் எழுதுகிறோம் என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். மூன்று நாள் ஆறப்போட்டும் ஆறவில்லை.

கடந்த வியாழன் இரவு, இஷா முடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். வட்டைக்குப் போகிற வாய்க்கால் கட்டில் எமது பாடசாலை மாணவர்கள் மூவர் டோர்ச்சோடு நின்றிருக்கிறார்கள். ஏ.எல். முதலாம் வருடப் பிள்ளைகள். அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் வந்த நம்மவர்கள் நான்கைந்து பேர் நிறுத்தி, "இந்த நேரத்தில இஞ்ச என்னடா வேல ஒங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். "பாம்பு பாக்க வந்த" என்று ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். கிரிக்கெட் பந்து தேடுகிறோம் என்று பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பான்.

"பாம்பு பாக்கவா, ஐஸ் அடிக்கவா?" என்று கன்னத்தில் ஓர் அறை. கையிலிருந்த போன் கொங்கிறீட்டில் விழுந்து நொறுங்கியது. பிறகு மூவரது சட்டைப் பை, காற்சட்டைப் பை எல்லாம் தடவிப் பார்த்தார்கள். கிடைத்தவை ஒரு கொப்பி, ஓர் அடிமட்டம், பாதி பிஸ்கட் பக்கட். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வட்ஸ்அப் குழுமங்களில் வொய்ஸ் போட்டார்கள். முகநூலில் ஒருவர் படத்தோடு போட்டார், பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி.

அதன் கீழே வந்த கொமெண்ட்டுகளை எல்லாம் பொறுமையாக வாசித்தோம். "பைத்தியங்கள்." "பாம்பு விஷம் எடுத்து விக்கிற கூட்டம்." "இதெல்லாம் காபிர்கள்ட பழக்கம்." "வாப்பா உம்மா என்ன செய்றாங்க?" "பாடசாலையில என்ன படிச்சுக் குடுக்கிறானுகள்?"

கடைசிக் கேள்வி எம்மைப் பார்த்துக் கேட்டது. ஆகவே நாமே பதில் சொல்கிறோம்.

அறை வாங்கியவனைப் பற்றி முதலில். பெயர் வேண்டாம், ஊருக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன், பெரும்போக அறுவடை நேரம், அவனுடைய சாச்சா வட்டையில் வாடியில் காவலுக்குப் படுத்திருந்தார். தரையில் பாய் விரித்துத்தான் படுக்கை, நம் எல்லோருடைய வாடியிலும் அப்படித்தான். விடியப்புறம் இரண்டு மணிபோல் வயிற்று வலி என்று எழும்பினார். இரவு தின்ற இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். சுபஹு நேரம் கண்ணிமை தானாகக் கீழே விழத் தொடங்கியது. பேச்சு குழறியது. பாயைத் தூக்கி உதறியபோது கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம் போட்ட பாம்பு ஒன்று விழுந்தது. அடித்துப் போட்டார்கள்.

சுற்றி நின்றவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. எல்லோரும் பரம்பரையாக வேளாண்மை செய்கிறவர்கள். ஒருவர் சாரைக்குட்டி என்றார். ஒருவர் கூரையில் ஓடுகிற சும்மா பாம்பு என்றார். "கடிச்ச அடையாளம் ஒண்டும் இல்லயே" என்றார் இன்னொருவர். எதற்கும் பார்ப்போம் என்று விஷக்கடி பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அங்கே ஒன்றரை மணித்தியாலம் போனது. வைத்தியசாலை வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த ஜனாஸாவில் நாமும் நின்றோம். இன்று கொமெண்ட் போடுபவர்களில் பலரும் நின்றீர்கள்.

அது எண்ணெய் விரியன். கட்டுவிரியன் என்பதும் அதுதான். சிங்களத்தில் தெல் கரவலா. இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் தீண்டும். கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் பட்ட தடம்கூடச் சில நேரம் தெரியாது. முதலில் வயிற்று வலி வரும். பிறகு இமை தொங்கும். பிறகு மூச்சு விடுகிற தசை சோர்ந்துபோகும். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் பிழைத்து எழும்புகிற ஆள். வாடியில் நின்ற பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தப் பாம்பை அடையாளம் தெரிந்திருந்தால் போதும், விஷக்கடிக்காரரின் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போயிருப்பார்கள்.

அப்போது அந்தப் பிள்ளை ஒன்பதாம் ஆண்டு. கத்தம் எல்லாம் முடிந்து பாடசாலைக்கு வந்தவன் எம்மிடம் கேட்டான்: "சேர், அது என்ன பாம்பு எண்டு அங்க நிண்ட ஒருத்தருக்கும் தெரியல்லயே, ஏன் சேர்?"

எமக்கும் தெரியாது. கலாசாலையில் பாடத்திட்டம் தயாரிக்கப் படித்தோம், பிள்ளை உளவியல் படித்தோம், கரும்பலகையில் எழுத்து நேராக வரப் பழகினோம். நாம் பிறந்த ஊரின் பாம்பு எதுவென்று ஒருநாளும் எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆக, "பாடசாலையில என்ன படிச்சுக் குடுக்கிறானுகள்" என்றவர் தப்பாகக் கேட்கவில்லை. இதைப் படித்துக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாமாகப் படித்தார்கள்.

வெளிநாடுகளில் இதற்கு ஹேர்ப்பிங் என்று பெயர். பறவை பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதுபோல ஊர்வனவற்றைத் தேடிப் பார்க்கப் போவது. பிடிப்பதற்கல்ல, பார்ப்பதற்கு. இரவில் டோர்ச் பிடித்து மெதுவாக நடப்பார்கள், கல்லையோ மரக்கட்டையையோ புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வைப்பார்கள், கண்டதைப் படம் எடுத்து, நேரம், இடம், மழையா வெயிலா என்று கொப்பியில் எழுதுவார்கள். நமது நாட்டிலும் இது நேற்று வந்த பைத்தியம் அல்ல. இந்த நாட்டுப் பாம்புகளைப் பற்றி 1921இல் தடித்த புத்தகம் எழுதிய ஃபிராங்க் வோல் ஒரு இராணுவ வைத்தியர். தேசிய நூதனசாலையை நடத்திய தெரணியகல, நம் காலத்தில் அன்ஸ்லம் டி சில்வா, மெண்டிஸ் விக்கிரமசிங்க என்று ஒரு வரிசையே இருக்கிறது. கல்லைப் புரட்டியும் காட்டில் இரவில் நடந்தும்தான் இவர்கள் புதுப் புது இனங்களை உலகுக்குச் சொன்னார்கள். இலங்கையில் நூறுக்கு மேற்பட்ட பாம்பு இனங்கள் உண்டு, அவற்றில் ஏறத்தாழப் பாதி வேறு எந்த நாட்டிலும் இல்லை. மனிதனைக் கொல்லக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தச் சிலதைத் தெரிந்துகொண்டால் மற்றதையெல்லாம் அடிக்கத் தேவையில்லை. ஒன்றையும் தெரியாததால்தான் நாம் எல்லாவற்றையும் அடிக்கிறோம், அடிக்க வேண்டியது வந்தபோது சாரைக்குட்டி என்கிறோம்.

அந்த மூவரின் கொப்பியில் இதுவரை 17 வகைப் பாம்பு இருக்கிறது. எல்லாம் நமது ஊரிலும் நமது வட்டையிலும் கண்டவை.

போன வருடம் மழை தொடங்கிய கிழமை நாமும் ஒருநாள் கூடப் போனோம். பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான், சந்தேகம் எமக்கும் இருந்தது. வரம்பில் டோர்ச் அடித்தபோது புல்லெல்லாம் பனித்துளி மாதிரி மின்னியது. பனி இல்லை சேர், சிலந்திக் கண் என்றான். கிட்டப் போய்ப் பார்த்தோம், உண்மை. வாய்க்காலில் தண்ணீர்ப் பாம்பு ஒன்று தவளையைப் பாதி விழுங்கிய நிலையில். பகலில் நாம் கல்லெறிகிற ஓணான் கொப்பின் நுனியில் கையையும் காலையும் தொங்கவிட்டுத் தூங்குகிறது. அதற்கு இரண்டு பாகம் தள்ளிப் பச்சைப்பாம்பு ஒன்று சுருண்டு தூங்குகிறது. அது கண்ணைக் கொத்தும் என்று எமது உம்மம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தார். எமது கண் இரண்டும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

திரும்பி வரும்போது முன்னால் போனவன் கையைக் குறுக்கே நீட்டி எம்மை நிறுத்தினான். "சேர், அதால போக ஏலா." வரம்பின் நடுவில் புடையன். நாம் பார்த்தபோது காய்ந்த வைக்கோல் திரி என்றே நினைத்தோம். முதுகில் சங்கிலி கோத்தமாதிரி மூன்று வரிசைக் கண்ணாடிப் புள்ளி. பிரஷர் குக்கர் மாதிரிச் சீறியது. யாரும் கல் எடுக்கவில்லை, வாலைப் பிடிக்கவில்லை. நாலு பாகம் தள்ளி நின்று ஒரு படம், பிறகு வேறு வரம்பால் சுற்றிப் போனோம். அந்த வரம்பில் நாற்பது வருடம் வெறுங்காலோடு நடந்த வட்டைக்காரர்களுக்கு இல்லாத கண் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கன்னத்தில்தான் அறைந்திருக்கிறீர்கள்.

"ஆபத்து இல்லையா?" என்று நியாயமாகக் கேட்டவர்களும் உண்டு. ஆபத்துத்தான். மறைக்கமாட்டோம். 2012, 2013 காலத்தில் நாடு தழுவி வீடு வீடாகக் கணக்கெடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன்படி இந்தச் சின்ன நாட்டில் வருடத்துக்கு 80,000க்கும் மேற்பட்டோரைப் பாம்பு கடிக்கிறது, 400க்கும் மேற்பட்டோர் மரணிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நமது வைத்தியசாலைகளில் போடும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் இருந்து வருவது, இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்தது. நல்லபாம்பு, புடையன், எண்ணெய் விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் அது. சிங்களத்தில் குணகட்டுவா என்கிற, மூக்கு நிமிர்ந்த சின்ன விரியனுக்கு அதில் மருந்து இல்லை. இவ்வளவும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சப்பாத்தில்லாமல் போகமாட்டார்கள், பொந்துக்குள் கை விடமாட்டார்கள், தனியே போகமாட்டார்கள், ஒன்பதரைக்கு வீடு திரும்புவார்கள். கடிபட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸில் போக வேண்டும் என்பதும் தெரியும். வட்டைக்குப் போகிற உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாம்பு கடித்துச் சாகிறவர்களில் பெரும்பாலோர் பாம்பு தேடிப் போனவர்கள் அல்லர். வேலைக்குப் போனவர்கள், தரையில் தூங்கியவர்கள்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். அதற்கு நாம் எல்லோரும் கைதட்டியிருக்கிறோம்.

டிக்டொக்கில் பாம்பு பிடிக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் கூப்பிடுகிறோம், வருகிறார், அதற்கு நன்றி. ஆனால் வந்தவர் பாம்பை எடுத்துக்கொண்டு போகிறாரா? பாட்டுப் போட்டு, நல்லபாம்பின் படத்தில் முத்தம் கொடுத்து, வாலைப் பிடித்துச் சுழற்றி, சின்னப் பிள்ளைகளின் கழுத்தில் சாரையைப் போட்டுப் படம் எடுத்து, பிறகு இரண்டு நாள் தண்ணீர் பரலுக்குள் வைத்து வேறொரு வீடியோவும் எடுத்த பிறகுதான் எங்கோ விடுகிறார். அந்த எங்கோ என்பது இன்னொருவருடைய வட்டை. போன வருடம் விளையாட்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மேடையில் நாமும் இருந்தோம், நாமும் தட்டினோம். அந்தத் தட்டலுக்குத் தண்டனை இரண்டு மாதத்தில் எமக்குக் கிடைத்தது.

ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் காலையில் ஷொப்பிங் பேக் ஒன்றோடு வகுப்புக்கு வந்தான். "சேர், வெங்கிணாந்திக் குட்டி புடிச்சிட்டு வந்த. வீடியோ எடுப்பம்." வாயைக் கட்டிய பைக்குள் ஒரு சாண் நீளத்தில் ஏதோ நெளிந்தது. பெரிய வகுப்பில் இருந்த நமது பாம்புப் பைத்தியத்தைக் கூப்பிட்டனுப்பினோம். அவன் பையைத் தொடவே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பார்த்துவிட்டு, பையை மேசையில் வைக்காதீர்கள், வாளிக்குள் வைத்து மூடுங்கள் என்றான். புடையன் குட்டி. புடையன் முட்டையிடாது, ஒரே தடவையில் இருபது, முப்பது, அதற்கு மேலும் குட்டி போடும். பிறந்த அன்றே அதற்குப் பல்லும் விஷமும் உண்டு. அந்தப் பிள்ளை இதை வெறுங்கையால் பிடித்து, பைக்குள் போட்டு, மடியில் வைத்து, முச்சக்கரவண்டியில் வந்திருக்கிறான். அல்லாஹ் காப்பாற்றினான். யாரிடம் பார்த்துப் பழகினாய் என்று கேட்டோம். பொன்னாடைக்காரரின் பெயரைச் சொன்னான்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். தள்ளி நின்று பார்க்கிறவன் ஒருவன். கையில் பிடித்துக் காட்டுகிறவன் இன்னொருவன். இருவரையும் பாம்புக்காரன் என்று ஒரே பெயரால் அழைத்துவிட்டு, அடியை முதலாமவனுக்கும் மரியாதையை இரண்டாமவனுக்கும் கொடுத்திருக்கிறோம்.

விஷம் விற்கிறார்கள் என்ற கதைக்கு என்ன பதில் சொல்வது! போனும் அடிமட்டமும் வைத்து விஷம் எடுக்கிற வித்தை தெரிந்தால் எமக்கும் சொல்லுங்கள், சம்பளம் போதவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. இந்த நாட்டு உயிரினங்களைத் திருடுகிறவர்கள் உண்டு. நக்கிள்ஸ் மலையிலும் ஹோர்டன் சமவெளிப் பக்கமும் மூக்கில் கொம்புள்ள ஓணான்கள் இருக்கின்றன, உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றைக் கடத்திப் போய் ஐரோப்பாவில் செல்லப்பிராணியாக விற்றார்கள். அதைத் தடுக்க, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் மாநாட்டில் நமது நாடு முன்மொழிவு கொண்டுவந்தது. அந்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது. ஏப்ரல் 21க்குப் பிறகு அது ஜெனீவாவுக்குப் போய்விட்டது. அந்த நாளின் பெயரால் நாம் இழந்தவை பல, அதில் இதுவும் ஒன்று. ஆனாலும் ஓகஸ்டில் ஜெனீவாவில் முன்மொழிவு நிறைவேறியது. நட்சத்திர ஆமையும் அதே மாநாட்டில்தான் மிகக் கடுமையான பட்டியலுக்குப் போனது. 2020இல் யால காட்டுக்குள் 92 இனப் பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியர்களுக்கு 2024 செப்டம்பரில் நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. பூச்சிக்கே இவ்வளவு.

இதைச் சொல்லக் காரணம், நமது மூவரும் மலக்குகள் அல்லர். தொடக்கத்தில் ஒருவன் நட்சத்திர ஆமை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வாளிக்குள் வளர்த்தான், தங்கச்சிக்கு விளையாட. கேள்விப்பட்டதும் சட்டத்தைச் சொல்லித் திட்டி, எடுத்த இடத்திலேயே விடச் செய்தோம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, 2009இல் திருத்தி இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். ஊர்வனவற்றில் பெரும்பாலானவை அதன் பாதுகாப்பில் உள்ளவை. பிடித்து வைத்திருப்பது குற்றம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். நமது வாய்க்கால் கட்டில் நின்று பார்ப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. இன்னொருவன் கண்ட இடத்தை எல்லாம் முகநூலில் போட்டுக்கொண்டிருந்தான். ஆமையைத் தேடுகிறவனும் முகநூல் பார்ப்பான் என்று விளக்கிய பிறகு நிறுத்தினான். சொன்னால் கேட்கிற பிள்ளைகள். அதற்கு அறை தேவைப்படவில்லை.

காபிர்களின் பழக்கம் என்றவருக்கு. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம் இல்லை. வரலாறு கொஞ்சம் தெரியும். பஸராவில் பிறந்த அல்-ஜாஹிஸ் ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் முன்னரே மிருகங்களைப் பற்றிப் பல பாகங்களில் கிதாப் எழுதினார், அதில் பாம்புகளுக்கு நீண்ட பகுதிகள் உண்டு. பின்னால் மிஸ்ரில் அத்-தமீரி அரபு எழுத்து வரிசையில் உயிரினங்களின் அகராதியே செய்தார். அவர்கள் யாருடைய பழக்கத்தைப் பின்பற்றினார்கள்?

தீங்கு தரும் பாம்பைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. பிள்ளை தூங்கும் அறைக்குள் வந்த நல்லபாம்பை அடித்தவரோடு நாம் சண்டைக்கு வரவில்லை. மினாவில் ஒரு குகையில் நபியவர்களும் தோழர்களும் இருந்தபோது பாம்பு ஒன்று வந்து, தோழர்கள் அடிக்க ஓடி, அது தப்பிவிட்ட செய்தி புகாரியில் வருகிறது. அவர்கள் அதனிடமிருந்து தப்பியதுபோல அதுவும் அவர்களிடமிருந்து தப்பிவிட்டது என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதோடு சரி. பொந்தில் பெற்றோல் ஊற்றச் சொல்லவில்லை. நாமோ பெருவட்டையில் அகப்பட்ட வெங்கிணாந்தியைக் கம்பியால் கட்டி, பெற்றோல் ஊற்றி, லைவ் போட்டோம். நெருப்பால் தண்டிப்பது யாருக்கு உரியது என்பதைக் குர்ஆன் மத்ரஸாப் பிள்ளையிடம் கேளுங்கள், சொல்லும்.

ஓணான் கதையும் அப்படித்தான். நோன்பு வந்தால் நமது தெருக்களில் சின்னப் பிள்ளைகள் கவணோடு ஓணான் தேடுகிறார்கள், நன்மை என்று. ஹதீஸில் வருவது பல்லி வகை என்று விளக்கம் சொல்கிறார்கள். முருங்கை மரத்து ஓணான் அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ந்தது என்று நமது உலமாக்கள் ஒரு ஜும்ஆவில் விளக்கினால் புண்ணியமாகப் போகும். சித்திரவதை செய்து, வாயில் புகையிலை வைத்து, கயிறு கட்டி இழுத்துக் கொல்வதற்கு எந்த விளக்கமும் கிடையாது.

சாரைக்கும் வருவோம், ஏனென்றால் வட்டைக்காரர்களுக்கு இது காசு விஷயம். இரண்டு சாரை பின்னிப் பிணைந்து நின்றால் நல்லபாம்போடு சேருகிறது என்று சொல்லி இரண்டையும் அடிக்கிறோம். அவை இரண்டும் ஆண் சாரைகள். சண்டை பிடிக்கின்றன, அவ்வளவுதான். சாரை தின்பது எலியை. எலி தின்பது உங்கள் கதிரை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல். இந்தப் போகத்தில் எலிக்கு மருந்து வைக்க எவ்வளவு செலவழித்தீர்கள் என்று ஒருதரம் கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவு எழுதியும், வியாழன் இரவு நடந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஐஸ் பயத்தில் பிள்ளைகளைக் கவனிக்கிறோம் என்கிறீர்கள். நல்லது, கவனியுங்கள், அந்தப் பயம் எமக்கும் உண்டு. ஆனால் பை தடவி ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகு வொய்ஸ் போட்டது எந்தப் பயத்தில்? ஐஸ் விற்கிறவனின் வீட்டு இலக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் எத்தனை அறை கொடுத்திருக்கிறீர்கள்?

அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமையும் வரவில்லை, இன்றும் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனோம். உம்மா அழுகிறார். அவன் அழவில்லை. போனில் இருந்த படங்கள் மூன்று வருடத்துப் படங்கள், வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை என்றான். கொப்பி மட்டும் இருக்கிறது. கடைக்காரர் திரை மாற்ற 14,500 ரூபா கேட்கிறார், படம் மீளுமா என்று பிறகுதான் சொல்லலாம் என்கிறார். போனை உடைத்தவர் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும். இங்கே பெயர் எழுதவில்லை, அவர் இதை வாசிக்கிறார் என்று தெரியும். பணத்தை எம்மிடம் தரவேண்டாம். பிள்ளையின் வீட்டுக்குப் போய், வாப்பாவிடம் கொடுத்து, பிள்ளையிடம் ஸலாம் சொல்லி, செய்தது பிழை என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிள்ளைகளின் முகம் தெரியப் படம் போட்டவர் இன்று இஷாவுக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பெற்றோரோடு பொலிஸுக்குப் போவோம், இதில் பகிடி இல்லை.

வருகிற சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு அதே வாய்க்கால் கட்டில் அந்த மூவரோடும் நாம் நடக்கப் போகிறோம். அதிபருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டோம். வட்டவிதானை ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சந்தேகம் உள்ளவர்கள், கொமெண்ட் போட்டவர்கள், வாப்பாமார், காக்காமார் யாரும் வரலாம். பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டிப்போக முடியாது, முதலில் சொல்பவர்களுக்கு இடம். டோர்ச்சும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள். சப்பாத்து கட்டாயம், செருப்போடு வருபவரை வரம்பில் இறக்கமாட்டோம். கம்போடு வருபவர்கள் அதைப் பள்ளி கேற்றடியில் சாத்திவிட்டு வரவும்.